முன்தீர்ப்பும் அரசமைப்பும்: சிதம்பரம் சபாநாயகர் கோயில் வழக்குகள் (1890–2014)

ஆய்வுச்சுருக்கம்

அரசமைப்புச் சட்டத்தின் பொருளை நீதிமன்றங்கள் வடிவமைப்பதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுகள் வழங்கிய தீர்ப்புகளையே மையமாகக் கொள்கின்றன. சிதம்பரம் சபாநாயகர் கோயில் நிருவாகம் குறித்த வழக்குகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. பொதுதீட்சிதர்கள் ஒரு சமயக்கிளை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 1951இல் வழங்கிய தீர்ப்பு, மேல்முறையீட்டில் தகுதியின் அடிப்படையில் ஆராயப்படாமலேயே நிலைபெற்று, 2014இல் முன்தீர்ப்புத் தடை என்னும் நெறிமுறையால் உறுதிசெய்யப்பட்டது. அதே 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சமய நிறுவனங்களின் நிருவாகத்தை அரசு ஏற்பதற்குக் கால எல்லை உண்டு என்னும் பொது நெறியையும் நிறுவியது. இவ்விரண்டும் வேறுவேறு தன்மையன. முன்னது அந்த வழக்கின் தரப்பினரைப் பிணைப்பது, பின்னது அனைவருக்குமான சட்டம். இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதும், அத்தீர்ப்பு எட்டாத இடமாகிய வழிபடுவோர் உரிமையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: சிதம்பரம், பொதுதீட்சிதர்கள், உறுப்பு 26, சமயக்கிளை, முன்தீர்ப்புத் தடை, செயல் அலுவலர், நீதிப்புனராய்வு

முன்னுரை

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்த சிதம்பரம் நடராசர் கோயில், சைவ மரபில் ‘கோயில்’ என்னும் பொதுச்சொல்லாலேயே சுட்டப்படும் சிறப்புடையது. சட்ட ஆவணங்களில் அது சபாநாயகர் கோயில் எனக் குறிக்கப்படுகிறது. அக்கோயிலின் பூசையையும் நிருவாகத்தையும் நெடுங்காலமாகத் தம் கையில் கொண்டிருப்போர் பொதுதீட்சிதர்கள். திருமணமான ஆடவர் மட்டுமே இப்பொது அமைப்பில் உரிமையும் கடமையும் பெறுகின்றனர்.

இவர்களுக்கும் அறநிலையங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகளுக்கும் இடையே எழுந்த வழக்குகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்துள்ளன. கோயில் யாருடையது என்பதே இவற்றின் கேள்வியாகப் பொதுவெளியில் பேசப்படுகிறது. நீதிமன்றங்களின் முன் வந்த கேள்விகளோ காலத்துக்குக் காலம் மாறின. 1890இல் எழுந்தது சொத்துரிமைக் கேள்வி. 1930களில் எழுந்தது நிருவாகத் திட்டம் பற்றிய கேள்வி. 1951க்குப் பின் எழுந்தது அடிப்படை உரிமைக் கேள்வி. இவற்றைப் பிரித்தறியாமல் ஒரு காலத்துத் தீர்ப்பை மற்றொரு காலத்துக் கேள்விக்கு விடையாகக் காட்டுவதே இப்பொருள் குறித்த எழுத்துகளில் காணப்படும் குழப்பத்திற்குக் காரணமாகிறது.

பொதுக்கோயில் என்னும் முடிவு

சிதம்பரம் கோயில் தீட்சிதர்களின் தனிச்சொத்து என்னும் வாதம் 1890ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தால் மறுக்கப்பட்டது. நீதிபதி முத்துசாமி ஐயர் இடம்பெற்ற அமர்வு, அத்தகைய உரிமைக்குச் சான்று எதுவும் இல்லை எனக் கண்டு, கோயில் பொது வழிபாட்டிடம் என்று முடிவுசெய்தது. இம்முடிவு பின்னர் எந்த நீதிமன்றத்தாலும் மாற்றப்படவில்லை. தீட்சிதர்களுக்குச் சாதகமாக அமைந்த பிற்காலத் தீர்ப்புகளும் கோயிலை அவர்களின் தனிச்சொத்தாகக் கருதவில்லை என்பது குறிக்கத்தக்கது.

1927ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் அறநிலைய வாரியத்துக்குப் பரந்த கண்காணிப்பு அதிகாரத்தை அளித்தது. வாரியம் 1933இல் இக்கோயிலுக்கு ஒரு நிருவாகத் திட்டத்தை வகுத்தது. தீட்சிதர்கள் அதனை எதிர்த்துத் தென்னார்க்காடு மாவட்ட நீதிமன்றத்தை நாடினர்; 1939இல் உயர் நீதிமன்றம் திட்டத்தைச் சில மாற்றங்களுடன் நிலைநிறுத்தியது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னர் இருந்த நிலை இதுவே: கோயில் பொதுவானது, தீட்சிதர்கள் அதன் நிருவாகிகள், அந்நிருவாகம் சட்டப்படியான திட்டத்துக்கு உட்பட்டது. அக்காலத்தில் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை அடிப்படை உரிமையின் அளவுகோலால் அளந்து நீக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. நீதிமன்றத்தால் செய்யக்கூடியது திட்டத்தின் கூறுகளைத் திருத்துவது மட்டுமே.

1951: வரையறைக்கு முந்திய தீர்ப்பு

1935இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், கோயில்களை ‘அறிவிக்கை’ செய்து அவற்றின் நிருவாகத்தை நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் அதிகாரத்தைச் சேர்த்திருந்தது. அதன் தொடர்ச்சியாக 1951 ஆகஸ்ட் 28ஆம் நாளிட்ட அரசாணை 894 சிதம்பரம் கோயிலை அறிவிக்கைக்கு உட்படுத்தியது. புதிய இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டம் (1951ஆம் ஆண்டின் 19ஆவது சட்டம்) குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது அதற்கு முதல்நாள்தான். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், அரசின் அறநிலைய அதிகாரமும் குடிமக்களின் அடிப்படை உரிமையும் நேருக்கு நேர் நின்றன.

மாரிமுத்து தீட்சிதர் எதிர் சென்னை மாநிலம் என்னும் இவ்வழக்கை நீதிபதிகள் சத்தியநாராயண ராவ், இராஜகோபாலன் ஆகியோர் விசாரித்து 1951 டிசம்பர் 13 அன்று அரசாணையை நீக்கித் தீர்ப்பளித்தனர். உடுப்பியைச் சார்ந்த சிரூர் மடத்தின் வழக்கையும் இதே அமர்வே விசாரித்தது. தீட்சிதர்கள் ஸ்மார்த்த பிராமணர்கள் என்பதையும், ஆயினும் தீட்சிதர் அல்லாத வேறு ஸ்மார்த்தர் எவரும் இக்கோயிலின் பூசையிலோ நிருவாகத்திலோ பங்குபெற இயலாது என்பதையும் அமர்வு சுட்டியது. இவ்வாறு மூடிய ஒரு குழுவாக அமைந்த அவர்கள் ஒரு சமயக்கிளை, அல்லது குறைந்தபட்சம் அதன் ஒரு பகுதி என்பது அமர்வின் முடிவு. அவர்களின் நிலையை மடாதிபதியின் நிலையோடு ஒப்பிட்ட அமர்வு, ஒரு வேறுபாட்டையும் குறித்தது: மடத்தின் வருவாய்மீது மடாதிபதிக்குள்ள ஆளுமை கோயிலின் சொத்து வருவாய்மீது தீட்சிதர்களுக்கு இல்லை.

இத்தீர்ப்பின் காலம் கருதத்தக்கது. உறுப்பு 26இல் வரும் சமயக்கிளை என்னும் சொல்லுக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தின் வரையறை எதுவும் இல்லை. உயர் நீதிமன்றம் முன்னோடித் தீர்ப்பின் துணையின்றி, கோயில் வழக்காற்றையும் பழைய வழக்குகளின் பதிவையும் கொண்டு அச்சொல்லுக்குப் பொருள் தந்தது. குழுவின் தனித்தன்மைக்கு அது கொண்ட முதன்மையான அடையாளம் கொள்கை வேறுபாடு அன்று. ஒரு குறிப்பிட்ட கோயிலின் வழிபாட்டுப் பணியில் அக்குழுவுக்குள்ள பிறர் நுழைய இயலாத உரிமையே ஆகும்.

1954: ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

அரசு இரு தீர்ப்புகளையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. சிரூர் மட வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1954இல் விரிவான தீர்ப்பை வழங்கியது. நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதிய அத்தீர்ப்பு, பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனித்த பெயர் ஆகியவற்றை உடைய மக்கள் தொகுதியே சமயக்கிளை என்னும் அகராதிப் பொருளை ஏற்றது. சமயக் காரியங்களை நடத்தும் உரிமையைச் சட்டமன்றம் பறிக்க இயலாது. சொத்து நிருவாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம். ஆயினும் நிருவாக உரிமையையே முற்றாக எடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்கும் சட்டம் உறுப்பு 26(ஈ)க்கு முரணானது. இந்தியாவின் சமய நிறுவனச் சட்டவியலுக்கு இன்றுவரை அடித்தளமாக விளங்குவது இந்நெறியே.

சிதம்பரம் வழக்கின் மேல்முறையீடு (1953ஆம் ஆண்டின் 39ஆவது உரிமையியல் மேல்முறையீடு) வேறுவிதமாக முடிந்தது. அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் 1954 பிப்ரவரி 9 அன்று அது தள்ளுபடி செய்யப்பட்டது. தீட்சிதர்கள் சமயக்கிளையா என்னும் கேள்வியை உச்ச நீதிமன்றம் ஆராயவில்லை. சிரூர் மட வழக்கில் உருவான வரையறை சிதம்பரத்தின் உண்மைகளோடு பொருத்திப் பார்க்கப்படும் வாய்ப்பு இவ்வாறு நழுவியது. 1951ஆம் ஆண்டுத் தீர்ப்பு மேல்முறையீட்டில் உறுதிப்படுத்தப்படவும் இல்லை, மாற்றப்படவும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது இறுதித் தீர்ப்பாயிற்று.

பின்வந்த தீர்ப்புகள் சமயக்கிளைக்கான தேர்வைக் கடினமாக்கின. பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதியில் பெரிதும் அமைந்த ஆரோவில் தொடர்பாக எழுந்த எஸ்.பி. மிட்டல் வழக்கில், 1982இல் வழங்கப்பட்ட பெரும்பான்மைத் தீர்ப்பு, மேற்கண்ட மூன்று கூறுகளும் ஒருங்கே அமைய வேண்டும் என்று வலியுறுத்தி, ஸ்ரீ அரவிந்தர் சங்கம் சமயக்கிளை அன்று என முடிவுசெய்தது. நல்லூர் மார்த்தாண்டம் வெள்ளாளர் வழக்கிலும் (2003) ஒரு சமூகம் பொதுவாக ஒரு கோயிலை நடத்துவதாலேயே சமயக்கிளை ஆகிவிடாது. தனித்த பொது நம்பிக்கை காட்டப்பட வேண்டும் என்று கூறப்பட்டது. இத்தேர்வின் முன் புதிதாக நிறுத்தப்பட்டால் தீட்சிதர்களின் கோரிக்கை எளிதில் வெல்லும் என்று சொல்வதற்கில்லை. அவர்களின் தத்துவ நிலை பிற ஸ்மார்த்தர்களுடையதிலிருந்து எவ்வகையில் தனித்தது என்னும் கேள்வி அப்போது எழும். அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்பதே அடுத்த கட்ட வழக்கின் உயிர்நாடியாயிற்று.

செயல் அலுவலர் நியமனம்: 1987–2009

1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டத்தின் பிரிவு 45, வகுத்துரைக்கப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சமய நிறுவனங்களுக்குச் செயல் அலுவலரை நியமிக்கும் அதிகாரத்தை ஆணையருக்கு அளிக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 107, உறுப்பு 26 வழங்கும் உரிமைகளுக்கு முரணான அதிகாரம் எதையும் இச்சட்டம் அளிப்பதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. இவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலான இழுபறியே 1987 முதல் நடந்த வழக்கின் சாரம்.

1987 ஜூலை 31ஆம் நாளிட்ட ஆணையால் சிதம்பரம் கோயிலுக்குச் செயல் அலுவலர் நியமிக்கப்பட்டார். தீட்சிதர்கள் தொடுத்த நீதிப்பேராணை மனுவில் ஆகஸ்ட் மாதம் இடைக்காலத் தடை கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்து 1997 பிப்ரவரி 17 அன்று மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு 2004 நவம்பர் 1 அன்று முடிவுற்றபோது, அரசிடம் சீராய்வு மனு அளிக்குமாறு தீட்சிதர்கள் பணிக்கப்பட்டனர். அம்மனு 2006 மே 9 அன்று மறுக்கப்பட்டது. அதனை எதிர்த்த மனுவை 2009 பிப்ரவரி 2 அன்று நீதிபதி ஆர். பானுமதி தள்ளுபடி செய்தார். இரு நீதிபதிகள் அமர்வும் அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று அதனை உறுதிப்படுத்தியது.

அரசுத் தரப்பின் நிலைப்பாடு எளிதில் புறந்தள்ளத்தக்கது அன்று. கோயில் பொதுவானது, அதன் சொத்தும் நகைகளும் காணிக்கையும் வழிபடுவோர் நலனுக்குரியவை, அவற்றுக்குக் கணக்குக் கேட்பது உலகியல் சார்ந்த செயல், பூசையில் அது தலையிடுவது ஆகாது. 1890ஆம் ஆண்டு முடிவின் இயல்பான தொடர்ச்சியாக இவ்வாதம் அமைந்தது. தீட்சிதர்களின் வாதமோ 1951ஆம் ஆண்டு முடிவை ஆதாரமாகக் கொண்டது. ஒரே உயர் நீதிமன்றத்தின் இரு பழைய முடிவுகள் எதிரெதிராக நிறுத்தப்பட்டன. உண்மையில் அவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒரு கோயில் பொதுக்கோயிலாக இருக்கும்போதே அதன் நிருவாகம் ஒரு சமயக்கிளையிடம் இருக்கலாம் என்பதை மூல்கி வேங்கடரமண தேவரு வழக்கில் (1957) உச்ச நீதிமன்றமே ஏற்றிருந்தது.

2014: இரண்டு முடிவுகள், இரண்டு தன்மைகள்

சுப்பிரமணியன் சுவாமியும் தீட்சிதர்களும் தொடுத்த மேல்முறையீடுகளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.எஸ். சௌகான், எஸ்.ஏ. பாப்டே ஆகியோர் 2014 ஜனவரி 6 அன்று தீர்ப்பளித்தனர். உயர் நீதிமன்றத் தீர்ப்பு நீக்கப்பட்டது. அத்தீர்ப்பு இரு தூண்களின்மேல் நிற்கிறது.

முதலாவது, முன்தீர்ப்புத் தடை. ஒரு நீதிமன்றம் இரு தரப்பினருக்கிடையே இறுதியாகத் தீர்த்த கேள்வியை அதே தரப்பினர் மீண்டும் எழுப்ப இயலாது என்னும் இந்நெறி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 11இல் இடம்பெறுகிறது. அடிப்படை உரிமை சார்ந்த பேராணை வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்பதை தார்யாவ் வழக்கில் (1961) உச்ச நீதிமன்றம் அறிவித்திருந்தது. அதன்படி, தீட்சிதர்கள் சமயக்கிளை என்னும் 1951ஆம் ஆண்டு முடிவு அரசைப் பிணைக்கிறது; 2009இல் உயர் நீதிமன்றம் அதை மீண்டும் ஆராய்ந்தது தவறு என்பது முடிவு.

இரண்டாவது, கால எல்லை. நிருவாகச் சீர்கேடு இருப்பின் அதைக் களைய அரசு தலையிடலாம். சீர்கேடு நீங்கியதும் நிருவாகத்தை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். முடிவின்றித் தொடர்வது உரிமையைக் கவர்வதாகும் என்று நீதிமன்றம் கூறியது. பொது நலன் கருதியோ முறையான நிருவாகத்துக்காகவோ ஒரு சொத்தின் நிருவாகத்தைக் குறித்த காலத்துக்கு மட்டும் ஏற்கலாம் என்னும் உறுப்பு 31அ(1)(ஆ) இதற்குத் துணைகொள்ளப்பட்டது. பிரிவு 45 குறிப்பிடும் நிபந்தனைகள் வகுக்கப்படாமலும் காலம் குறிக்கப்படாமலும் செயல் அலுவலர் நியமிக்கப்பட்டது செல்லாது எனப்பட்டது.

இவ்விரண்டில் முதலாவது முடிவு அரசமைப்பின் பொருளை விரிக்கவில்லை. சமயக்கிளை என்பதற்கான தேர்வு 2014க்குப் பின்னும் சிரூர், மிட்டல் தீர்ப்புகள் வகுத்தவாறே நீடிக்கிறது. வேறொரு கோயிலின் வழிவழி அர்ச்சகர்கள் சிதம்பரம் தீர்ப்பை மட்டும் காட்டிச் சமயக்கிளை உரிமையைப் பெற இயலாது. அத்தேர்வில் அவர்கள் தாமே தேற வேண்டும். 1970இல் மதுரா பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியவாறு, உண்மைகளோடு பிணைக்கப்படாத தூய சட்டக் கேள்வி மீதான தவறான முடிவோ, சட்டம் பின்னர் மாறிய இடத்தில் பழைய முடிவோ முன்தீர்ப்புத் தடையாக நிற்பதில்லை. சிதம்பர முடிவு நிலைப்பதற்குக் காரணம் அது குறிப்பிட்ட மக்கள், குறிப்பிட்ட கோயில் பற்றிய உண்மைகளில் வேரூன்றியிருப்பதே. அதன் வலிமையும் எல்லையும் அதுவே.

இதற்கு விலையும் உண்டு. 1951இல் வெற்றி தந்த வாதங்களில் ஒன்றாகிய சொத்துரிமை (உறுப்பு 19(1)(ஊ)) 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. உறுப்பு 31அ 1951இல் சேர்க்கப்பட்டதாயினும், நிருவாகத்தை ஏற்பது பற்றிய உட்கூறு 1955இல்தான் வந்தது. அரசமைப்பே மாறிய பின்னும் அதன் தொடக்க காலத்து முடிவு ஒன்று தரப்பினரைக் கட்டுப்படுத்துகிறது. வழக்குகளுக்கு முடிவு வேண்டும் என்பது இதன் நியாயம். காலத்தோடு வளர்ந்த தேர்வுக்கு ஒரு கோயில் மட்டும் விலக்குப் பெறுவது இதன் குறை. மேல்முறையீட்டை 1954இல் நடத்தாமல் விட்டது அரசே என்பதால் அக்குறையை நீதிமன்றத்தின்மீது மட்டும் சுமத்துவதும் பொருந்தாது.

இரண்டாவது முடிவு அவ்வாறு குறுகியதன்று. கால எல்லை நெறி சிதம்பரத்தைக் கடந்து தமிழ்நாட்டுக் கோயில் நிருவாகம் முழுவதையும் தொட்டது. 2015இல் தமிழ்நாடு அரசு செயல் அலுவலர் நியமனத்துக்கான நிபந்தனை விதிகளை வகுத்தது. 1959 முதல் சட்டத்தில் எழுதப்பட்டிருந்த ‘வகுத்துரைக்கப்படும் நிபந்தனைகள்’ என்னும் சொற்றொடர் உயிர்பெற்றது இத்தீர்ப்புக்குப் பின்னரே. பொதுவெளியில் மிகுதியாகப் பேசப்பட்ட முதல் முடிவைக் காட்டிலும், குறைவாகப் பேசப்பட்ட இரண்டாவது முடிவே அரசமைப்புச் சட்டத்துக்குக் கூடுதலான பங்களிப்பைச் செய்தது எனலாம்.

தீர்ப்பு எட்டாத இடம்

முன்தீர்ப்புத் தடை வழக்கின் தரப்பினரையும் அவர்கள்வழி உரிமை கோருவோரையுமே பிணைக்கும். அதுவும் தீர்க்கப்பட்ட கேள்வியில் மட்டும். அரசுக்கும் தீட்சிதர்களுக்கும் இடையே தீர்க்கப்பட்டது நிருவாகம் பற்றிய கேள்வி. வழிபடுவோர் சிற்றம்பல மேடையில் நின்று வழிபடுவதும் தேவாரம் பாடுவதும் பற்றிய கேள்வி அதிலிருந்து வேறானது. 2008 பிப்ரவரி 29 அன்று அரசு பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து மார்ச் 2 அன்று சிவனடியார் ஆறுமுகசாமி காவல்துறைப் பாதுகாப்புடன் அங்குத் தேவாரம் பாட முனைந்ததும், கனகசபை மீது ஏறி வழிபட அனுமதித்து 2022 மே மாதம் பிறப்பிக்கப்பட்ட அரசாணையும் இக்கேள்வி ஓயவில்லை என்பதைக் காட்டுகின்றன.

இதற்கான அளவுகோல் உறுப்பு 25இல் உள்ளது. பொதுத்தன்மை வாய்ந்த இந்து சமய நிறுவனங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடும் சட்டத்தை இயற்ற உறுப்பு 25(2)(ஆ) இடம் தருகிறது. சமயக்கிளையின் உரிமை இதற்கு உட்பட்டதே என்பதும், ஆயினும் திறந்துவிடும் உரிமையின் உட்பொருள் அழியாதவரை சில சடங்குகளைக் கிளையினர் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்பதும் தேவரு வழக்கின் சமநிலை. 1890ஆம் ஆண்டின் பொதுக்கோயில் என்னும் முடிவு வலிமை பெறுவது இங்குதான். கோயில் பொதுவானது என்பதால் நிருவாகம் அரசிடம் செல்லவேண்டியதில்லை. நிருவாகம் கிளையினரிடம் இருப்பதால் வழிபடுவோர் உரிமை சுருங்கவும் வேண்டியதில்லை. இரு தரப்பிலும் எழுதுவோர் இவ்விரு கூற்றுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். சட்டநிலை இரண்டையும் ஒருங்கே வேண்டுகிறது.

முடிவுரை

சிதம்பரம் வழக்குகளில் நீதிமன்றங்கள் அரசமைப்பை மூன்று விதமாக வடிவமைத்துள்ளன. வரையறை இல்லாத காலத்தில் வழக்காற்றிலிருந்து ஒரு சொல்லுக்குப் பொருள் கண்டது முதலாவது. அம்முடிவை ஆராயாமலே நிலைக்கவிட்ட 1954ஆம் ஆண்டின் தள்ளுபடி இரண்டாவது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதற்கு இறுதித்தன்மை அளித்து, அதனோடு அரசின் தலையீட்டுக்குக் கால எல்லையையும் வகுத்தது மூன்றாவது. இவற்றுள் பொது நெறியாகப் பிற கோயில்களுக்கும் பயன்படுவது கால எல்லை பற்றிய முடிவே. சமயக்கிளை பற்றிய முடிவு தில்லைக்கு மட்டுமே உரியது. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பை மேற்கோளாகக் கொள்ளும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வது இன்றியமையாதது. நிருவாக வழக்கு முடிந்த அளவில் வழிபடுவோர் வழக்கும் முடிந்ததாகக் கொள்ளுதல் தீர்ப்பு சொல்லாததை அதன்மீது ஏற்றுவதாகும்.